இருபதாவது கப்பின் அடியில்

பத்தொன்பது கப்பின் கணக்கு தீர்ந்துவிட்டது. இருபதாவது தீரவில்லை. எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு சரக்கு ரயில் போய் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அப்பா களிமண் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அந்த இருபதாவது கப்பை யாராவது ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்தால் போதும், அம்மாவுக்கு வேலை போய்விடும். எனக்கு டிசி கொடுத்துவிடுவார்கள். யாரிடமாவது சொன்னால்தான் இந்தப் படபடப்பு அடங்கும்போல இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன். விருத்தாசலத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாம் 'ப்ரோக்கன்' என்ற வார்த்தையில் ஆரம்பித்தது.

நான் பத்தாவது படிக்கிறேன். எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பாக்யலட்சுமி ஒரு நாள், வகுப்பறையைச் சுற்றிப் பார்த்து அஞ்சு வாக்கியம் எழுதச் சொன்னார். எழுதுவதற்கு என்ன குறைச்சல்? பெஞ்ச் ப்ரோக்கன், ஜன்னல் ப்ரோக்கன், தண்ணிக் குழாய் ப்ரோக்கன் என்று எல்லாரும் அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிட்டோம். கடைசி பெஞ்ச் விருத்தகிரி மட்டும் யோசித்து, 'மை ஷர்ட் இஸ் ப்ரோக்கன்' என்று எழுதியிருந்தான்.

"சட்ட எப்புடிடா ப்ரோக்கன் ஆவும்? சுத்தியால அடிச்சியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், ஆணி மாட்டிக்கிச்சு."

"அது டோர்ன்டா. கிழிஞ்சா டோர்ன். ஓரம் நைஞ்சுபோனா ஃப்ரேய்டு. தகரம் நசுங்குனா டென்டட். ஓரத்துல சில்லு பேந்தா சிப்டு. எல்லாத்தயும் ப்ரோக்கன் ப்ரோக்கன்னு சொன்னா அந்தப் பொருளுக்கு என்னா ஆச்சுன்னு கேக்கறவனுக்கு எப்புடித் தெரியும்? திங்கக்கெழமக்குள்ள எல்லாரும் இது மாதிரி இருவது வார்த்த எழுதிட்டு வரணும். சும்மா நெட்டுரு போடாதீங்க. ஒவ்வொண்ணையும் எதுலயாவது பொருத்திப் பாருங்க. அப்பத்தான் மனசுல நிக்கும்."

பொருத்திப் பாருங்கள் என்று சொன்னது டீச்சர்தான். இதை மட்டும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த வீட்டுப்பாடம் ஒன்றும் கஷ்டமாக இல்லை. என் அம்மா அமிர்தம் பீங்கான் கம்பெனியில் நல்லது, குறை பிரிக்கிற சார்ட்டிங் வேலை பார்க்கிறாள். "இன்னைக்கு சூளையில முப்பது கிராக்கு, பத்து சிப்பு" என்று சொல்லிக்கொண்டேதான் ரசம் ஊற்றுவாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் உடைசலுக்கு இருக்கிற பாதி இங்கிலீஷ் வார்த்தை அவள் வாயில் இருக்கிறது. மீதியை நான் டிக்ஷனரியில் பார்த்து எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் இருபது வார்த்தையும் தயார். பொருத்திப் பார்ப்பதுதான் பாக்கி.

அன்றைக்கு லீவு என்பதால் அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன்.

அங்கே நடப்பதை உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கப்பை முதல் தடவை சுட்டு எடுத்ததும் அது சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும். அதற்கு பிஸ்கட் என்று பேர். அதைக் கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுத்து இரண்டாம் தடவை சுட்டால்தான் பளபளப்பு வரும். இரண்டு சூட்டுக்கும் நடுவில் அம்மாவும் பூவாயி அக்காவும் உட்கார்ந்து ஒவ்வொரு பிஸ்கட்டையும் தட்டிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் பென்சிலால் குறி போடுவார்கள். சாதாரண பென்சில்தான். அது இரண்டாம் சூளையில் தடமே இல்லாமல் எரிந்துபோய்விடும். அது எரியும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், குறியோடு சேர்த்து மனசில் இருப்பதையும் எழுதி விடுவார்கள். பூவாயி அக்கா அதில் பெரிய கை. எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தும் காட்டுவாள்.

"கேளு கயலு. 'எம் மாமியாருக்கு இன்னைக்கும் கொழம்புல உப்பு பத்தலயாம். நாளைக்கு ஒரு படி கொட்டுறேன்.'"

"அக்கா, முதலாளி பாத்தா?"

"சூளையில போயிடும்டி. எம் மனசும் லேசாயிடும், கிண்ணமும் வெந்துடும்."

எங்கேயோ ஓர் ஓட்டலில் யாரோ அந்தக் கிண்ணத்தில் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். அடியில் பூவாயி அக்காவின் மாமியார் எரிந்துபோய்க் கிடப்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்குப் பலகை மேல் இருபது கப் கவிழ்த்து வைத்திருந்தது. எங்கள் ஸ்கூல் ஆர்டர். ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு சாருக்கும் டீச்சருக்கும் ஒரு கப், தாளாளருக்கு ஒரு கப். முன்பக்கம் பேரும் 'ஆண்டு விழா 2006' என்றும் ஸ்டிக்கர் ஒட்டி மூன்றாவதாக ஒரு சின்னச் சூடு வைப்பார்கள். ஸ்டிக்கர் இன்னும் வரவில்லை. இருபது கப்பும் பேர் இல்லாமல், அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. என் பையில் இருபது வார்த்தை.

பொருத்திப் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் ராமானுஜம் சார் பேசினால் முதல் பெஞ்சுக்குச் சாரல் அடிக்கும். முதல் கப்பின் அடியில் 'லீக்கிங்'. பி.டி. ராஜ்மோகன் சாருடைய ஸ்கூட்டரில் நசுங்காத இடமே இல்லை. இரண்டாவது கப்புக்கு 'டென்டட்'. கணக்கு கௌரிசங்கர் சார் தனியாகப் பேசிக்கொண்டே நடப்பார். அவருக்கு 'கிராக்டு'. பாக்யலட்சுமி டீச்சர் குரல் சிலேட்டில் ஆணி கீறின மாதிரி இருக்கும். 'ஸ்கிராட்ச்டு'. கணக்கு சாருக்கு எழுதும்போது என் பென்சில் முனை முறிந்துவிட்டது. முதலாளி மேஜைமேல் ஒரு பென்சில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். நன்றாகக் கறுப்பாக எழுதியது. எழுத எழுத ஆசையாக இருந்ததால் முதல் மூன்றையும் அதன் மேலேயே அழுத்தி எழுதினேன். பயாலஜி லேபில் தவளை நாறுகிறது என்று பயாலஜி சாருக்கு ஒரு வார்த்தை. அதை இப்போதைக்குச் சொல்லமாட்டேன்.

"என்னாடி எழுதுற?" என்று அம்மா கேட்டாள்.

"சாருங்க பேரும்மா. வரிச மாறிடக் கூடாதுல்ல."

"நல்லா எழுது. இங்கிலீசுலயா?"

"இங்கிலீசுலதான்."

அம்மா பூவாயி அக்காவைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவாவது நான் அப்போதே எல்லாவற்றையும் அழித்திருக்கலாம். எப்படியும் சூளையில் போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "உங்க ஸ்கூலு கப்பு எல்லாம் பாத்துப் பாத்துக் கட்டிட்டேன்டி. ஒரு கொற இல்ல. பேரெல்லாம் முத்து முத்தா எழுதிருக்க."

நான் பிஸ்கட்டில் எழுதியதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன். சூளைக்குப் போய்வந்த கப்பில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றாகத் தூங்கினேன் வேறு.

நேற்று வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆண்டு விழா. தாளாளர் மேடையில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு கப்பைக் கொடுத்தார். இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யார் கையில் பீங்கான் சாமான் கொடுத்தாலும், அவர் முதலில் செய்வது அதைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். எந்தக் கம்பெனி, அடியில் பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா, அது நிற்கிற கால் வளையம் சமமா என்று பார்க்காமல் வைக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைகூட டீயைக் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்ப்பார். குடிப்பதற்கு முன்னால் கவிழ்த்துச் சட்டையில் ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு.

ஹெட்மாஸ்டர் ராமானுஜம் சார் வாங்கினார், கும்பிட்டார், கவிழ்த்தார். அப்படியே நின்றார்.

ராஜ்மோகன் சார் வாங்கினார், கவிழ்த்தார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பாக்யலட்சுமி டீச்சர் கவிழ்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கௌரிசங்கர் சார் கப்பைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டியபோது எனக்கே தெரிந்தது. வெள்ளை வெளேர் என்ற அடியில், பளபளப்புக்குக் கீழே, என் கையெழுத்து. கறுப்பாக. முத்து முத்தாக.

அது சூளைப் பென்சில். கம்பெனி நம்பர் போடுவதற்கென்று முதலாளி தனியாக வாங்கி வைத்திருப்பது. பார்க்கச் சாதாரண பென்சில் மாதிரியே இருக்கும். எரியாது. சுடச் சுட இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நான் முன்னால் இருந்தவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

மேடைக்குப் பின்னால் ராஜ்மோகன் சார் குரல் மைக் இல்லாமலேயே கேட்டது.

"என்னா சார் இது? செகண்ட்ஸ் மால நம்ம தலையில கட்டிட்டானுங்க! என்னா கொறன்னு அடியிலயே எழுதி வேற குடுத்திருக்கான்!"

இந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ரிஜெக்ட் ஆன சாமானில்தானே குறையை எழுதுவார்கள்? தங்களைப் பற்றி எழுதியிருக்கும் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. ரிஜெக்ட்டைப் பாஸ் பண்ணினது யார் என்று கேட்டால், சார்ட்டிங் அமிர்தம் என்றுதான் பதில் வரும்.

ராத்திரி எட்டரைக்கு முதலாளி கோதண்டபாணி எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை.

"அமிர்தம், பன்னெண்டு வருசமா ஒன்ன நம்பி நான் ஒரு பெட்டியப் பிரிச்சுப் பாத்ததில்ல. எம்மானத்த வாங்கிட்டியே. எல்லாக் கப்புலயும் கிராக்கு, லீக்குன்னு எழுதியிருக்குதாம். ஹெட்மாஸ்டரு போன்ல என்னைக் காய்ச்சி எடுத்துட்டாரு."

"நான் பாத்த கப்புல கொற இருக்காதுங்க."

"அத நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கூல்ல வந்து சொல்லு. சொல்லிட்டு அப்படியே வூட்டுக்குப் போயிடு. கம்பெனிக்கு வராத."

அவர் போனதும் அம்மா அடுப்படிக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அது பேருதானடி?"

"ம்" என்றேன்.

உலகத்திலேயே சின்னப் பொய் அதுதான். ஓர் எழுத்து.

இன்றைக்குக் காலையில் ஹெட்மாஸ்டர் அறையில் பத்தொன்பது கப் மேஜைமேல் இருந்தது. சுற்றிலும் எல்லாச் சாரும் டீச்சரும் நின்றார்கள். முதலாளி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நான் கதவுக்கு வெளியே.

அம்மா இடுப்பில் சொருகியிருந்த சின்னக் கட்டையை எடுத்தாள். முதல் கப்பைக் காதைப் பிடித்துத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள்.

டிங்.

விரிசல் இருந்தால் அப்படிச் சத்தம் வராது. 'டொக்' என்று செத்துப்போய்க் கேட்கும். இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடுத்தது, டிங். அதற்கடுத்தது, டிங். பத்தொன்பதும் கோயில் மணி மாதிரி பேசின. பிறகு ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி நியூஸ்பேப்பர் மேல் வைத்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓரத்தை விரலால் சுற்றிக் காட்டினாள். ஒரு சில்லு இல்லை. பன்னிரண்டு வருஷமாக அம்மா செய்கிற வேலையை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

"நல்ல மாலுதான்" என்றார் முதலாளி, தனக்குத்தானே. பிறகு ஒரு கப்பைக் கவிழ்த்து எழுத்துக்கூட்டினார். "அப்ப இது என்னாம்மா? லீ...க்கிங். கப்பு ஒழுவலயே?"

"அது சாருங்க பேருங்க. எம்பொண்ணு எழுதுனது."

"பேரா? இந்த டீச்சர் பேரு லீக்கிங்கா?"

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கதவுப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நான் ஓடியிருப்பேன். பிஸ்கட்டைத் தட்டிவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

உள்ளே போனேன்.

"நான்தான் சார் எழுதுனேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, பேரு எழுதறேன்னு பொய் சொல்லிட்டேன். சூளையில போயிடும்னு நெனச்சேன், பென்சில் மாறிடுச்சு. கப்புல எந்தக் கொறயும் இல்ல சார். அது கப்பப் பத்தி எழுதுனதே இல்ல."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் தானாகக் கடைசி வாக்கியத்தையும் சொல்லிவிட்டது.

முதலாளி புருவத்தைச் சுருக்கினார். "கப்பப் பத்தி இல்லன்னா, பின்ன யாரப் பத்தி?"

அம்மா கப்புகளைத் துடைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சூளையில் அடுக்கியபோதும் ஸ்டிக்கர் ஒட்டியபோதும் கப்புகள் இடம் மாறியிருந்தன. நான் எழுதிய வார்த்தை நான் நினைத்தவரிடம் போகவில்லை. ஆனால் போன இடத்தைப் பார்த்தால் எனக்கே சிலிர்த்தது. தாளாளர் கார் கதவைத் திறக்கும்போதெல்லாம் குனிந்து குனிந்து எழுந்த ராமானுஜம் சாருக்கு 'பென்ட்'. எங்களைப் பத்து ரவுண்டு ஓடவிட்டு, தான் அரை ரவுண்டில் உட்கார்ந்துவிடும் ராஜ்மோகன் சாருக்கு 'பங்க்சர்டு'. ஸ்டாஃப் ரூமில் பேசுவதெல்லாம் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், யார் மூலமாக என்றும் எல்லாருக்கும் தெரியும். அந்த பாக்யலட்சுமி டீச்சருக்கு 'லீக்கிங்'. கௌரிசங்கர் சாருக்குப் போனது 'டிடாச்டு'. கழன்று வந்தது என்று அர்த்தம். அவர் தலைமுடி போன வருஷம் ஒரே ராத்திரியில் அடர்த்தியானதைப் பற்றி ஸ்கூலில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

நானே யோசித்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாகக் கொடுத்திருக்க முடியாது.

ஒவ்வொருவராகத் தங்கள் கப்பின் அடியை இன்னொரு தடவை பார்த்தார்கள். கௌரிசங்கர் சார் முதலில் எட்டித் தன் கப்பை எடுத்துக்கொண்டார். இன்னொரு கை தலைக்குப் போய் வந்தது. ராஜ்மோகன் சார் தன் கப்பை அடிப்பக்கம் தெரியாமல் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் ஒரு கப்கூட இல்லை.

"சொல்லும்மா, யாரப் பத்தி?" என்றார் முதலாளி மறுபடி.

"அட விடுங்க கோதண்டபாணி" என்றார் ராஜ்மோகன் சார். "சின்னப் பொண்ணு."

"படிக்கிற புள்ள" என்றார் கௌரிசங்கர் சார்.

"நான்தாங்க வீட்டுப்பாடம் குடுத்தேன்" என்றார் பாக்யலட்சுமி டீச்சர் அவசரமாக. "இருவது வார்த்த. எழுதிப் பழகியிருக்குது, அவ்வளவுதான்."

ராமானுஜம் சார் தொண்டையைச் செருமினார். முன்னால் நின்ற எனக்குச் சாரல் அடித்தது.

"இது வொகாபுலரி, கோதண்டபாணி. வொகாபுலரிய யாரப் பத்தின்னு கேக்கக் கூடாது. கப்பு நல்ல கப்பு. நாங்க திருப்பி எடுத்துக்கறோம். எல்லாரும் கெளம்புங்க."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மால் திரும்பி வரவில்லை என்பது புரிந்தது. வாசலில் அம்மாவிடம் சொன்னார்: "திங்கக்கெழம வேலைக்கு வா. ஆனா ஒண்ணு. இதப் பத்தி இன்னொருத்தரு வாயத் தொறந்தாங்கன்னா, நீயும் வாணாம், ஒம் பொண்ணு சோத்துக் கூடையும் வாணாம். ஆமா, பத்தொம்பதுதான இருந்துச்சு? இன்னொண்ணு?"

"தாளாளரு நேத்தே கார்ல எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார் பியூன்.

அந்த நிமிஷமே நான் கணக்குப் போட்டுவிட்டேன். பத்தொன்பது பேர் கையில் பத்தொன்பது வார்த்தை. பார்க்காத ஒரே வார்த்தை, பயாலஜி சாருக்காக நான் எழுதிய வார்த்தை. அதை இப்போது சொல்லிவிடுகிறேன். 'ராட்டன்'. அழுகிப்போனது. அது முன்பக்கம் 'தாளாளர்' என்ற பேரோடு பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது.

தாளாளர் சென்னைக்காரர். கப்பைக் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மேடையிலும் அவர் தன் பேரை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் வீட்டுக்கார அம்மா இந்த ஊர்ப் பெண்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டாள். மத்தியானம் எங்கேயோ போனாள், பொழுது சாய்ந்து வந்தாள். நானும் கேட்கவில்லை. அந்த இருபதாவது கப்பைப் பற்றி அவளுக்குச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் பாய் சரசரத்தது.

"தூங்கலயாடி?"

"இல்லம்மா."

"தாளாளரு கப்புல என்னா எழுதியிருக்குது?"

"ஒனக்கு எப்புடிம்மா...?"

"எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. எண்ணத் தெரியாதா? இருவது கட்டுனேன், பத்தொம்பது தட்டுனேன். சொல்லு."

"அழுகிப்போனதுன்னு."

இருட்டில் பாய் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பயந்து எழுந்து உட்கார்ந்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கணக்கு சாருக்கு என்னா போட்ட? தலையத் தடவிக்கிட்டே நின்னாரே."

"கழண்டு வந்ததுன்னு. அவருக்கு எழுதலம்மா, மாறிப் போச்சு."

"சூளைக்குத் தெரிஞ்சிருக்குது." மறுபடி சிரித்தாள். சிரித்து முடித்து, என் தொடையில் அழுத்தமாக ஒரு கிள்ளு கிள்ளினாள். இன்னும் எரிகிறது. "பன்னெண்டு வருசத்துல எங்கையத் தாண்டிப் போன ரிஜெக்ட்டு ஒண்ணே ஒண்ணுடி. அது நீதான்."

"இப்ப என்னாம்மா பண்றது?"

"இருவது கேட்டா நாங்க இருவத்திரெண்டு போடுவோம். சூளையில ஒண்ணு ரெண்டு போயிடும்னு. ரெண்டும் நல்லா வந்து சும்மா கெடந்துச்சு. மத்தியானம் போயி ஒண்ணுல தாளாளரு பேரு ஒட்டி சின்னச் சூளையில வெச்சிட்டேன். காலையில பூவாயி எடுத்துத் தருவா. ரெண்டு பேரும் அவுரு வூட்டுக்குப் போயி, அதக் குடுத்துட்டு இத வாங்கிட்டு வந்துடலாம். அந்தம்மா கவுத்துப் பாக்கறதுக்குள்ள."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் உடனே இன்னொன்று தோன்றியது.

"எதுக்கு மாத்தறீங்கன்னு கேப்பாங்களேம்மா?"

"ஒங்க கப்புல ஒரு கொற இருக்குதுங்கன்னு சொல்லணும்."

"என்னா கொறன்னு கேட்டா? சிப்புன்னு சொல்லலாமா?"

அம்மா உடனே எழுந்து உட்கார்ந்தாள். "சிப்பா? நான் பாத்து அனுப்புன மாலுலயா? காலையில அத்தன பேரு முன்னாடி தட்டிக் காமிச்சுட்டு, நாளைக்குப் போயி எம் மாலுல சிப்பு இருக்குதுன்னு எம் வாயால சொல்லணுமா? மாட்டேன்."

"பின்ன?"

"நீ சொல்லு. ஒனக்குத்தான் இருவது வார்த்த தெரியுமே."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரெண்டு நிமிஷத்தில் குறட்டை.

நான் இருட்டில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிராக்டு என்றால் அந்த அம்மா தட்டிப் பார்ப்பார். லீக்கிங் என்றால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஸ்கிராட்ச்டு என்றால் வெளிச்சத்தில் காட்டுவார். எதைச் சொன்னாலும், இந்த ஊர்க்காரர் முதலில் கப்பைக் கவிழ்ப்பார்.